பட்டா கேட்காத மன்றம்: சூரியப் பூங்காக்களும் கருத்துக்கேட்பு உரிமையும்

ஒரு திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்படும் முன், அப்பகுதி மக்கள் தம் கருத்தைப் பதிவுசெய்யும் சட்டபூர்வ மன்றமே பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, இதற்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பையும் ஒளிப்பதிவையும் கட்டாயமாக்குகிறது. கூட்டச் சுருக்கம் வட்டார மொழியில் வாசிக்கப்பட வேண்டும் என்கிறது. அங்கே பேசுவதற்குப் பட்டா தேவையில்லை.

ஆனால், சூரிய ஒளி மின் திட்டங்களுக்கு இந்த அறிவிக்கை பொருந்தாது. கர்நாடகத்தின் பாவகடாவில் ஏறத்தாழ 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா அமைந்துள்ளது. நிலம் கையகப்படுத்தப்படவில்லை, உழவர்களிடமிருந்து குத்தகைக்குப் பெறப்பட்டது. மூன்றாண்டுகள் அங்கு உழைத்து வாழ்ந்த நிலமற்ற கூலித் தொழிலாளர் குடும்பங்களையும் பாதிக்கப்பட்டோராக ஏற்பது 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம். கையகப்படுத்தல் நிகழாதபோது அந்தப் பாதுகாப்பும் கிட்டுவதில்லை. குத்தகைத் தொகை நில உடைமையாளரைச் சேர்கிறது; வயல்வேலையை இழக்கும் தலித் தொழிலாளர் எந்த ஒப்பந்தத்திலும் தரப்பினர் அல்லர்.

புதுப்பிக்கத்தக்க ஆற்றலை நாம் எதிர்க்கவில்லை. விரைவின் பெயரால் நிலமற்றோரின் குரல் விலக்கப்படுவதையே எதிர்க்கிறோம். பெரும் சூரியப் பூங்காக்களுக்கும் கருத்துக்கேட்பு வேண்டும். கூலிக் குடும்பங்கள் முன்கூட்டியே கணக்கெடுக்கப்பட வேண்டும். சேரி மக்கள் அச்சமின்றி வந்து பேசக்கூடிய பொது இடத்தில் கூட்டம் நடத்தப்பட வேண்டும்.