நடப்பவளின் சாலை

செஞ்சியின் கதை குதிரைமேல் ஏறி வருகிறது. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட தேசிங்கு ராஜனோடு அவன் குதிரையும் நாட்டுப்பாடலில் வாழ்கிறது. அவன் மனைவியோ உடன்கட்டை ஏறியவளாக மட்டுமே நினைக்கப்படுகிறாள். இராணிப்பேட்டை அவள் பெயரால் அமைந்தது என்பார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மலைகளில் தண்ணீரும் தானியமும் சுமந்து ஏறிய கால்களுக்குப் பாட்டில்லை.

இன்று அங்கே திருவண்ணாமலை–திண்டிவனம் நெடுஞ்சாலை ஓடுகிறது. குதிரை போய் லாரி வந்தது. வேகத்துக்கே முதல் மரியாதை என்பது மாறவில்லை. ரேஷன் கடைக்கும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் நடப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ‘தினமும் நடங்க’ என்கிறார் மருத்துவர். எங்கே நடப்பது?

வண்டியின் வேகம் இரட்டித்தால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். அதனால்தான் 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனம், நடப்போரும் வண்டிகளும் கலக்கும் தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டரை உச்சவரம்பாக்கக் கோரியது. சென்னை மாநகராட்சி 2014இல் நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் கொள்கை வகுத்தது. 2019இல் பாண்டி பஜாருக்கு அகன்ற நடைபாதை கிடைத்தது. 2021இல் தமிழகப் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் நீங்கியது. நிறுத்தம்வரை அவள் நடந்துதானே போக வேண்டும்?

2025இல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சுற்றுலா வண்டிகள் பெருகும். சாலையை அகலமாக்கும் பேச்சும் எழும். அப்போது நாம் கேட்க வேண்டியவை மூன்று: நிழலுள்ள நடைபாதை, தெருவிளக்கு, மெதுவாகப் போகும் வண்டி. கோட்டையைக் காப்பதுபோலவே, அதன் அடிவாரத்தில் நடப்பவளைக் காப்பதும் அரசின் கடமை.