மீன்தொட்டி நத்தைகள்

என் மனைவி ஆசையாக வளர்த்த மீன்தொட்டி, அவள் போன பிறகு என் பொறுப்புக்கு வந்தது. மூன்றே மாதத்தில் செடிகளின் இலையெல்லாம் பச்சைப் பாசி படிந்து வழவழவென்று ஆகிவிட்டது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு பிளாஸ்டிக் செடி வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். உள்ளே ஊர்ந்த சின்ன நத்தைகளையும் தினம் பொறுக்கி வெளியே போட்டேன். அவைதான் அசுத்தம் என்பது என் எண்ணம்.

அப்போதுதான் ராபர்ட் வாரிங்டன் பற்றிப் படித்தேன். லண்டன் மருந்தாளர் சங்கத்தின் கூடத்தில் பணிபுரிந்த வேதியியலாளர். பெரிய கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் இரண்டு தங்கமீன்களையும், நாடா போல நீண்ட இலையுடைய வாலிஸ்நேரியா செடியையும் விட்டார். மீன் விடும் கரியமிலவாயு செடிக்கு, செடி விடும் பிராணவாயு மீனுக்கு. தண்ணீரை மாற்றவே தேவையிருக்காது என்பது கணக்கு. வெளிச்சம் பட்டால்தான் செடி பிராணவாயு விடும் என்று 1779-லேயே யான் இங்கன்ஹவுஸ் காட்டியிருந்தார்.

ஆனால் கணக்கு தப்பியது. பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. கண்ணாடியிலும் பச்சையாகப் படிந்தது. என் தொட்டியின் கதையேதான்! வாரிங்டன் செடியைப் பிடுங்கவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்றன, தண்ணீர் தெளிந்தது. நத்தைக் குஞ்சுகள் மீனுக்கு இரையாயின. மீன், செடி, நத்தை என மூன்றும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும் என்று 1850-ல் எழுதி வெளியிட்டார்.

பிரிட்டனில் கண்ணாடி வரி 1845-ல் நீக்கப்பட்டிருந்ததால் கண்ணாடி விலையும் இறங்கியிருந்தது. 1853-ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் காட்சியகம் திறந்தார்கள். மறுவருடம் பிலிப் ஹென்றி காஸ் மீன்தொட்டி பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதன்பின் அங்கே வீட்டுக்கு வீடு மீன்தொட்டி என்ற மோகம் பிடித்தது.

நானும் திருந்தினேன். ஜன்னல் வெயில் படாத இடத்துக்குத் தொட்டியை மாற்றினேன். விளக்கை நாளுக்கு ஏழு மணி நேரத்தோடு நிறுத்தினேன். இரை போடுவதைப் பாதியாகக் குறைத்தேன். நத்தைகளை விட்டுவைத்தேன். கறுப்பாக இறுகிய பாசியை அவை தொடவில்லை. அந்த இலைகளை மட்டும் அடியோடு கத்தரித்தேன். இரண்டு மாதத்தில் புது இலைகள் சுத்தமாக வந்தன.

என் மனைவி ஒரு நத்தையைக்கூட எடுத்துப் போட்டதில்லை. நான் முணுமுணுக்கும்போதெல்லாம், "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுதுங்க" என்பாள். முப்பது வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் நான். வாரிங்டன் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.