அச்சிட்டது, விற்றது, படித்தது

செல்பேசியில் ஒரு காணொளியின் கீழே '10 லட்சம் வியூஸ்' என்று வருகிறது. 10 லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள் என்று நம்மில் பலர் எடுத்துக்கொள்கிறோம். அது ஆட்களின் கணக்கு அல்ல, தடவைகளின் கணக்கு. இந்தக் குழப்பத்துக்கு வயது 180-ஐத் தாண்டும்.

1836-இல் பாரிஸில் எமில் தெ ழிரார்தேன் 'லா பிரெஸ்' என்ற நாளிதழைத் தொடங்கினார். அப்போது ஒரு நாளிதழுக்கு ஆண்டுச் சந்தா சுமார் 80 பிராங்க். அவர் 40 பிராங்குக்குக் கொடுத்தார். குறைந்த பணத்தை விளம்பரத்தில் ஈட்டலாம் என்பது அவர் கணக்கு. அன்றிலிருந்து பத்திரிகைக்காரர் இரண்டு சரக்கு விற்றார்: வாசகருக்குச் செய்தி, விளம்பரதாரருக்கு வாசகர். இரண்டாவது சரக்கை எடைபோடத் தராசு இல்லை. பத்திரிகை சொன்னதே கணக்கு.

பிரெஞ்சில் படித்தவர்களுக்கு 'திராழ்', 'திஃப்யூசியோன்' என்ற இரு சொற்கள் தெரிந்திருக்கும். முன்னது அச்சிட்ட பிரதிகள். பின்னது வாசகர் கைக்குப் போய்ச் சேர்ந்த பிரதிகள். விற்காமல் திரும்பி வரும் கட்டுகள்தான் நடுவில் உள்ள வித்தியாசம். 1922-இல் பிரான்சில் இதைத் தணிக்கை செய்ய ஓர் அமைப்பு உருவானபோது அதன் பெயரில் 'திராழ்' இருந்தது. 1946-இல் அதை எடுத்துவிட்டு 'திஃப்யூசியோன்' என்று மாற்றினார்கள். அமெரிக்காவில் 1914-இலும், நம் நாட்டில் 1948-இலும் ஆடிட் பீரோ ஆஃப் சர்குலேஷன்ஸ் தோன்றியது. அரசு விளம்பரக் கட்டணமும் விற்பனை எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால், எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னால் போவது நம் வரிப்பணமும்தான்.

எழுத்தர் வேலை பார்த்தவர்களுக்கு அனுப்புகைப் பதிவேடு நினைவிருக்கும். 40 அலுவலகங்களுக்குச் சுற்றறிக்கை போனதாக அது சொல்லும். எத்தனை பேர் படித்தார்கள் என்று சொல்லாது. சில இடங்களில் ஒரே தாளைப் பத்துப் பேர் படிப்பார்கள். சில இடங்களில் உறையே பிரியாது. பத்திரிகையும் அப்படித்தான். டீக்கடையில் ஒரு பிரதி, படிப்பவர் இருபது பேர். ஆகவே விற்பனை வேறு, வாசகர் எண்ணிக்கை வேறு. வாசகரை அறிய வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். 1970-களிலிருந்து இங்கும் அப்படிக் கணக்கெடுத்தார்கள்.

வானொலிக்கு விற்ற பிரதி என்று எதுவும் கிடையாது. 1942-இல் அமெரிக்காவில் நீல்சன் நிறுவனம் வீட்டு வானொலிப் பெட்டியோடு 'ஆடிமீட்டர்' என்ற கருவியை இணைத்தது. எந்த நிலையம் எவ்வளவு நேரம் ஒலித்தது என்பதை அது குறித்துக்கொண்டது. அறையில் யாராவது இருந்தார்களா என்பது அதற்குத் தெரியாது.

தொலைக்காட்சியின் டி.ஆர்.பி. அந்த வழியில் வந்ததே. 2020-இல் நம் நாட்டில் ஏறத்தாழ 44,000 வீடுகளில் மீட்டர் இருந்தது. தொலைக்காட்சி உள்ள வீடுகளோ சுமார் 20 கோடி. ஒரு மீட்டர் வீடு 4,500 வீடுகளுக்குப் பதில் சொல்லியது. சோறு பதமா என்று பார்க்க ஒரு பருக்கை போதும். ஆனால் அந்தப் பருக்கை எது என்று முன்பே தெரிந்தால் அதை மட்டும் வேகவைக்கலாம் அல்லவா? அந்த ஆண்டு அக்டோபரில், சில வீடுகளுக்குப் பணம் கொடுத்துக் குறிப்பிட்ட சேனல்களை ஓடவிட்டார்கள் என்று மும்பைக் காவல்துறை குற்றம் சாட்டியது. செய்திச் சேனல்களின் வாராந்தர மதிப்பீடு நிறுத்தப்பட்டு 2022 மார்ச்சில்தான் மீண்டும் வந்தது. வழக்கு 2024-இல் நீதிமன்ற அனுமதியோடு திரும்பப் பெறப்பட்டது.

இணைய விளம்பரத்தில் இப்போது 'ரீச்', 'இம்ப்ரெஷன்' என்கிறார்கள். ஆயிரம் பேருக்கு ஒரு விளம்பரம் ஐந்து முறை தெரிந்தால் ரீச் 1,000, இம்ப்ரெஷன் 5,000. இரண்டும் உண்மையே. விற்க வருபவர் பெரிய எண்ணைத்தான் முதலில் சொல்வார். எண்ணுகிறவரே விற்கிறவராகவும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2016-இல் ஃபேஸ்புக், 3 வினாடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களைச் சராசரியில் சேர்க்காமல் விட்டதால், காணொளி பார்க்கும் நேரத்தை இரண்டு ஆண்டுகளாகக் கூட்டிக் காட்டியிருந்ததை ஒப்புக்கொண்டது.

நம் ஊர்க் கடைக்காரர்களும் இப்போது செல்பேசி விளம்பரத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். அவர்கள் விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம்: எண்ணியது ஆளையா, தடவையையா? எண்ணியது யார்? எத்தனை பேரை வைத்து எண்ணினார்கள்? பதில் வந்த பிறகு பணப்பையைத் திறக்கட்டும்.