வீரநெறியும் பணிவும்: இடைக்கால ஐரோப்பிய இலக்கியத்தில்

நைட் எனப்பட்ட குதிரைவீரர்களின் ஒழுக்கமுறையே வீரநெறி. பணிவுக்கு அதில் தொடக்கத்திலேயே இடம் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஏறத்தாழ 1100இல் பிரெஞ்சில் உருவான ‘ரோலான் பாடல்’, 778இல் ரோன்செவோ கணவாயில் நடந்த தாக்குதலைப் பாடுகிறது. கொம்பூதிப் பேரரசர் சார்லமேனை உதவிக்கு அழைப்பது இழுக்கு என்று பின்படைத் தலைவன் ரோலான் மறுத்துவிடுகிறான். அவன் மனம் மாறி ஊதும்போது படை ஏறக்குறைய அழிந்துவிட்டது. கவிஞர் அவனைத் தியாகியாகவே போற்றுகிறார். ஆனாலும் அழிவுக்கு அவன் வீம்புதான் காரணம் என்று தோழன் ஒலிவியேயைச் சொல்லவைக்கிறார்.

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரெத்தியான் தெ துருவா எழுதிய காவியத்தில், ஆர்தர் மன்னரின் அரசியைத் தேடிப் போகும் அவரது நைட் லான்செலட்டுக்குக் குற்றவாளிகளை ஏற்றும் வண்டியில் ஏற நேர்கிறது. ஏறுமுன் ஒரு கணம் தயங்கியதற்காகவே அரசி பின்னர் அவனிடம் முகம் கொடுக்க மறுக்கிறாள். இது காதலுக்காகக் கொள்ளும் பணிவு. ரோலான் கதையில் கண்ட தலைமைக்கும் அதற்கும் தொடர்பு குறைவு.

பணிவுக்கும் தலைமைக்குமான தொடர்பு 14ஆம் நூற்றாண்டில் தெளிவாகத் தெரிகிறது. ‘சர் கவெய்னும் பச்சை வீரனும்’ என்ற கவிதையில், பச்சை வீரனின் சவாலை ஏற்க முன்வரும் ஆர்தரின் நைட் கவெய்ன், அவையில் தானே வலுக்குறைந்தவன், தன் உயிர் போனால் இழப்பும் குறைவு என்று சொல்லியே ஆர்தரிடம் அனுமதி கேட்கிறான். சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ நூலில் வரும் நைட், பல போர்களைக் கண்டும் கவசத்தின் துருக்கறை படிந்த முரட்டுச் சட்டையோடு புனிதப் பயணம் வருகிறார். 1356இல் புவாத்தியே போரில் வென்ற ஆங்கில இளவரசர் எட்வர்ட், சிறைப்பட்ட பிரெஞ்சு மன்னர் ஜானுடன் சரிசமமாக உட்காராமல் நின்று விருந்து பரிமாறினார் என்று வரலாற்றாசிரியர் புருவாசார் எழுதுகிறார். அதே இளவரசர் முந்தைய ஆண்டுதான் கார்க்கசோனின் கீழ்நகரை எரித்திருந்தார்.

இவ்வகைக் காட்சிகளில் ஆழமானது மாலரியின் ‘ஆர்தரின் மரணம்’ நூலில் உள்ளது. ஹங்கேரி வீரன் உர்ரியின் ஏழு காயங்களும் உலகின் சிறந்த நைட் தொட்டால்தான் ஆறும். பிறர் கூச்சம் தெளியட்டும் என்று ஆர்தரே முதலில் தொடுகிறார். 110 பேர் முயன்றும் பலனில்லை. கடைசியாக வந்த லான்செலட், மற்றவர்களால் ஆகாததைத் தான் செய்ய முனைவது செருக்கு என்று மறுக்கிறான். மன்னர் கட்டளையிட்ட பிறகே, மனத்துக்குள் வேண்டிக்கொண்டு கை வைக்கிறான். காயங்கள் ஆறுகின்றன. சுற்றிலும் எல்லாரும் மகிழ, அவன் விம்மி அழுகிறான். ஏன் என்று மாலரி சொல்லவில்லை. அரசியோடு அவனுக்கிருந்த உறவை அறிந்த வாசகருக்குச் சொல்லவும் வேண்டியதில்லை.

1469-70இல் மாலரி இந்நூலை முடித்தபோது அவரே சிறைக்கைதி. நூலாசிரியர் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் வாரிக்‌ஷயர் மாலரிமீது கொள்ளை உட்படப் பல வழக்குகள் இருந்தன. 1485இல் அச்சாளர் காக்ஸ்டன் இதை அச்சிட்டார்.