இயங்குதளக் கருநிரல்களில் மேக்ரோப் பெயர் மோதலும் முன்னடைத் தீர்வும்: ஒரு வரலாற்று நோக்கு

திறவுச்சொற்கள்: இயங்குதளக் கரு, மேக்ரோ, பெயர் மோதல், முன்னடை, யூனிக்ஸ், லினக்ஸ்

முன்னுரை

சேர்வராயன் மலையில், ஏற்காட்டுப் பகுதியில் உள்ள தலைச்சோலை என்னும் ஊர்ப்பெயரில் ‘சோலை’ பொதுச்சொல். ‘தலை’ என்னும் முன்னடையே அதனை ஓரூருக்கு உரியதாக்குகிறது. சங்கப் புலவருள் கபிலரினின்று தொல்கபிலரைப் பிரித்தறிய உதவுவதும் இத்தகைய அடையே. ஒரு பெயர் இருபொருளுக்கு வழங்கும்போது அடைகொடுத்து வேறுபடுத்தும் இவ்வழக்கம் கணினி இயங்குதளங்களின் கருநிரல்களிலும் காணப்படுகிறது. அங்கு நேர்ந்த மேக்ரோப் பெயர் மோதலையும் அதன் தீர்வையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மோதலின் காரணம்

சி மொழியில் முன்செயலி 1972-73 அளவில் சேர்க்கப்பட்டது. யூனிக்ஸ் கரு 1973இல் அம்மொழியில் மாற்றி எழுதப்பட்டது. மேக்ரோ என்பது, நிரலில் தன் பெயர் வருமிடமெல்லாம் வேறொரு நிரல்பகுதியைப் பதிலீடு செய்யும் குறியீடாகும். தொகுப்பி நிரலின் இலக்கணத்தை ஆராயும் முன்னரே இப்பதிலீடு முடிந்துவிடுகிறது. ஆதலின் மாறிகளுக்கு உள்ள செயலெல்லை மேக்ரோவுக்கு இல்லை. ஒரு தலைப்புக் கோப்பில் வரையறுத்த பெயர், அதனை இணைக்கும் கோப்புகள் அனைத்திலும் பரவுகிறது.

இரு பட்டியல் தலைகள்

‘லிஸ்ட்_ஹெட்’ என்னும் மேக்ரோ இதற்குத் தக்க சான்று. பிஎஸ்டி இயங்குதளத்தின் ‘க்யூ.எச்’ கோப்பில் அது இரண்டு உள்ளீடுகளைப் பெற்று, பட்டியல் தலைக்கான கட்டமைப்பை வரையறுக்கிறது. லினக்ஸ் கருவிலோ அதே பெயர் ஒரே உள்ளீட்டைப் பெற்று, பட்டியல் தலை ஒன்றை அறிவித்துத் தொடக்கநிலையில் அமைக்கிறது.

அடாப்டெக் ஸ்கசி அட்டைகளுக்கான இயக்கிநிரலின் மையப்பகுதி ஃப்ரீபிஎஸ்டி, லினக்ஸ் ஆகிய இரண்டுக்கும் பொதுவானது. அதன் லினக்ஸ் வடிவத்தில் பிஎஸ்டி மேக்ரோ ‘பிஎஸ்டி_லிஸ்ட்_ஹெட்’ எனப் பெயர் பெற்றது. மறுதலையாக, லினக்ஸ் இயக்கிநிரல்களை ஃப்ரீபிஎஸ்டியில் இயங்கச் செய்யும் லினக்ஸ்கேபிஐ அடுக்கில் ‘லினக்ஸ்_லிஸ்ட்_ஹெட்’ என்னும் பெயர் வழங்குகிறது. தொல்கபிலர் பெயரில் உள்ள அடை தொன்மையைச் சுட்ட, இங்குள்ள அடை பிறப்பிடத்தைச் சுட்டுகிறது. எது முந்தியது என்பது கருதப்படவில்லை. உள்ளூர்ப் பெயர் அடையின்றி நிற்க, புகுந்த பெயரே அடை பெறுகிறது.

பெயர் மாற்றத்தின் விலை

கருவினுள் வழங்கும் பெயரை மாற்றுதல் எளிது. பயனர் நிரல்களுக்கு வழங்கிவிட்ட பெயரை மாற்றுதல் அரிது. சாதன எண்ணின் இரு பகுதிகளைப் பிரித்துத் தரும் ‘மேஜர்’, ‘மைனர்’ என்னும் மேக்ரோக்களைக் குனு சி நூலகம் ‘டைப்ஸ்.எச்’ என்னும் பொதுக்கோப்பின் வழியே வழங்கிவந்தது. அச்சொற்களைத் தம் செயற்கூறுகளுக்குப் பெயராக இட்ட நிரல்கள் இதனால் மோதலுக்கு உள்ளாயின. 2017இல் வந்த 2.25ஆம் பதிப்பு இவ்வழக்கத்தைக் கைவிடுமாறு எச்சரித்தது. 2018இல் வந்த 2.28ஆம் பதிப்பு அதனை நீக்கியது. பழைய வழியை நம்பியிருந்த நிரல்கள் ‘சிஸ்மேக்ரோஸ்.எச்’ கோப்பை நேரடியாக இணைக்குமாறு திருத்தப்பட வேண்டியிருந்தது. இதற்கு முன்னரே, 2012இல் வெளிவந்த லினக்ஸ் 3.7இல், டேவிட் ஹவெல்ஸின் முயற்சியால் பயனர் நிரல்களுக்குரிய வரையறைகள் கருவின் அகவரையறைகளினின்று பிரித்துத் தனி அடைவில் வைக்கப்பட்டன.

முடிவுரை

மேக்ரோவுக்கு எல்லை வகுக்க மொழி இடந்தராதபோது, நிரலாளர் வழக்கே அவ்வெல்லையை வகுத்தது. முன்னடை அவ்வழக்கின் வெளிப்பாடு. எனினும் அது உரிய காலத்தே இடப்பட வேண்டும். பொதுவழக்கில் பரவிய பெயருக்குப் பின்னர் அடைகொடுக்க முயலின், அதன் சுமை அப்பெயரைப் பயன்படுத்துவோர் அனைவர்மீதும் விழும் என்பதை மேற்கண்ட சான்றுகள் உணர்த்துகின்றன.