சூப் டப்பாவும் புடவைப் புட்டாவும்: தொடக்கப் பள்ளி ஓவிய வகுப்பில் பாப் கலை

அன்றாடப் பொருள்களையும் விளம்பரப் படங்களையும் கலையாக்கிய அமெரிக்கப் பாப் ஓவியர் ஆண்டி வார்ஹோலின் பெயர் சிறு குழந்தைகளுக்கான ஓவியப் பாடங்களில் உலகெங்கும் அடிபடுகிறது. பாடம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. தாள் நான்கு கட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நான்கிலும் ஒரே முகத்தின் அல்லது ஒரே டப்பாவின் வெளிக்கோடு முன்பே அச்சாகியிருக்கும். குழந்தை கட்டத்துக்கொரு பளிச்சென்ற நிறம் தீட்டிக் கொடுக்கும். சுவரில் மாட்டினால் கண்ணைப் பறிக்கும்தான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் குழந்தை கற்றது கோட்டைத் தாண்டாமல் நிறம் தீட்டுவதை மட்டுமே. அதற்கு வார்ஹோல் எதற்கு? பாப் கலை தொடக்கப் பள்ளிக்கு ஏற்றதுதான் என்பது என் வாதம். ஆனால் அங்கே வரவேண்டியது அந்தக் கலையைப் பிறப்பித்த கேள்வி. நாளும் கண்ணில் படும் இந்தப் படத்தை யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள், எதற்காக இத்தனை முறை செய்தார்கள்? இதைக் கேட்க அமெரிக்க சூப் டப்பா வேண்டியதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வட்டத்தில், செய்யாற்றங்கரையில் உள்ள பெருநகர் என்ற கிராமத்தைப் போன்ற ஓர் ஊரில், அதற்கான பொருள்கள் பெட்டிக்கடையிலும் தறியிலும் பூசை மாடத்திலும் கொட்டிக் கிடக்கின்றன.

வார்ஹோலின் வேலை முறையைக் கிட்டப்போய்ப் பார்த்தால் இந்த வாதத்துக்கு முதல் சான்று அங்கேயே கிடைக்கிறது. 1928இல் பிட்ஸ்பர்க் நகரில், இன்றைய ஸ்லோவாகியப் பகுதியிலிருந்து குடியேறிய ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டில் அவர் பிறந்தார். எட்டு வயது வாக்கில் நரம்பு நோய் கண்டு நெடுநாள் படுக்கையில் கிடந்தபோது அவருடைய தாய் ஜூலியா வண்ணப் புத்தகங்களையும் படக்கதைகளையும் கையில் கொடுத்தார். அந்தத் தாயே பழ டின்களை வெட்டிப் பூக்கள் செய்து வீடு வீடாக விற்றவர். உள்ளூர்க் கார்னகி அருங்காட்சியகம் சனிக்கிழமைதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக நடத்திய ஓவிய வகுப்பு அவருக்கு முதல் கலைப்பள்ளி. 1962 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸின் ஃபெரஸ் காட்சிக்கூடத்தில் வைத்த சூப் டப்பா ஓவியங்கள் 32. அந்த சூப்பைத் தயாரித்த நிறுவனம் அப்போது விற்ற சூப் வகைகளும் 32. அவை இயந்திரத்தில் அடித்தவை போலத் தோன்றும். உண்மையில் கையால் தீட்டியவை. டப்பாவின் அடிவிளிம்பைச் சுற்றி வரும் சிறு பூ வரிசையை அவர் கையச்சால் ஒவ்வொன்றாகக் குத்தினார். விளம்பரப் படம் வரைந்து பிழைத்த 1950களிலேயே அழிரப்பரைச் செதுக்கி அச்சாக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. ஆகவே உலகப் புகழ்பெற்ற அந்தப் படங்களுக்குள் இருப்பது ஒரு மூன்றாம் வகுப்புக் குழந்தையின் கைக்கு எட்டும் கருவிதான். நம் வகுப்பறைக்கு வந்து சேரும் வார்ஹோல் பாடத்தில் இந்தக் கருவி காணாமல் போய், நிறம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அந்தக் கருவிக்கு நம் ஊர்ச் சமையலறையில் இருப்பது வெண்டைக்காய். காம்புப் பக்கத்தைக் குறுக்கே நறுக்கினால் ஐந்து அறை கொண்ட ஒரு பூ தெரியும். நறுக்கியவுடன் சாயத்தில் தோய்த்தால் வழவழப்பில் நிறம் வழிந்து விளிம்பு கலங்கிவிடும்; சற்று நேரம் காய வைத்தால் கோடு துலங்கும். மஞ்சளோ காவியோ சொட்டு நீலமோ எதுவானாலும் சரி, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கமே போதும். ஒருமுறை தோய்த்துவிட்டு மறுபடி தோய்க்காமல் தொடர்ந்து குத்தச் சொல்லவேண்டும். முதல் அச்சு அப்பிக்கொள்ளும், அறைகள் தெரியாது. இரண்டாவதிலோ மூன்றாவதிலோ ஐந்து அறையும் எடுப்பாக நிற்கும். ஆறாவது வெளிறும். எட்டாவதில் பாதிப் பூதான் இருக்கும். ஒரே காய், ஒரே கை, ஒரே சாயம். ஆனால் எட்டும் எட்டு விதம். 1962இல் வார்ஹோல் செய்த, நடிகை மர்லினின் இரட்டைப் படத்தில் ஒரே புகைப்படம் 50 முறை வருகிறது. இடப்பாதியின் 25 முகங்களில் நிறம் அடர்ந்திருக்கும். வலப்பாதியின் 25 கறுப்பு வெள்ளை முகங்கள் சில இடங்களில் மை அப்பியும் சில இடங்களில் மங்கிக் கரைந்தும் போகும். அந்தப் படத்தின் ஆற்றல் முழுவதும் இந்த மங்கலில்தான் இருக்கிறது. அப்போதுதான் இறந்திருந்த ஒரு நடிகையின் கதையைக் குழந்தையிடம் சொல்லவேண்டியதில்லை. திரும்பச் செய்தது ஒருபோதும் அதேயாக இருப்பதில்லை என்பதை அது தன் எட்டாவது அச்சில் கண்டுவிட்டது. நான்கு கட்டத் தாளில் வெளிக்கோடு முன்பே அச்சாகிவிடுவதால், கண்டறிய வேண்டிய அந்த ஒன்றைக் குழந்தையின் கைக்கு வருமுன்பே யாரோ எடுத்துவிடுகிறார்கள்.

தறிக்கு வருவோம். காஞ்சிபுரம் பட்டுக்குப் பேர்போன மாவட்டத்தில் பாப் கலையின் செய்முறையை விளக்க வேறு உவமை தேட வேண்டியதில்லை. புடவையின் உடலில் சிதறிக் கிடக்கும் அன்னமோ மாங்காயோ ருத்திராட்சமோ, எந்தப் புட்டாவானாலும், முதலில் கட்டம் போட்ட கிராஃப் தாளில் ஒரே ஒரு முறை வரையப்படுகிறது. அதைப் பார்த்து அட்டைகளில் துளையிடுகிறார்கள். ஜக்கார்டு பெட்டியில் ஓர் அட்டை வந்து நிற்கையில், துளை உள்ள இடத்தில் பாவு இழை எழும்பும், துளை இல்லாத இடத்தில் கிடக்கும். இடையில் ஊடை ஓடும். அட்டைச் சங்கிலி முழுதாக ஒரு சுற்று வந்தால் ஒரு புட்டா முடியும். சங்கிலி மறுபடி தொடங்கும்போது அடுத்தது பிறக்கும். அட்டை மாறாமல் ஊடையின் நிறத்தை மட்டும் நெசவாளர் மாற்றினால் அதே அன்னம் இங்கே சரிகையிலும் அங்கே பச்சையிலும் நிற்கும். வார்ஹோல் பட்டுத்திரை அச்சில் ஒரே திரையை வைத்துக்கொண்டு அடியில் பூசும் நிறத்தை மாற்றியதும் இதே தருக்கம்தான். நோக்கம் வேறு: நெசவாளர் பிழையில்லாத ஒருமையைத் தேடுகிறார், வார்ஹோல் பிழையைக் காட்டிவிடுகிறார். இந்த வேறுபாட்டைப் பேசவும் வகுப்பில் இடம் இருக்கவேண்டும். ஆயினும் தறி இருக்கும் வீட்டுக் குழந்தை, ஒரு வடிவத்தைப் பலவாக்குவது எப்படி என்பதை நகர்ப்புறத்துக் குழந்தையைவிட நன்றாக அறிந்தே பள்ளிக்கு வருகிறது. அந்த அறிவுக்கு ஓவிய வகுப்பில் பெயர் கொடுக்கப்படுவதில்லை. மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டின் கட்டத் தாளில் ஒரு புட்டா வரையச் சொன்னாலே அந்தப் பெயர் கிடைத்துவிடும்.

பெட்டிக்கடையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அங்கே பார்வைதான் வேண்டும், விளக்கம் வேண்டாம். ஷாம்பு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து ஏழைக்கும் எட்ட வைத்த முயற்சியின் முன்னோடிகளில் ஒருவர் கடலூர் சின்னிகிருஷ்ணன்; ஆகவே அந்தச் சரமும் நம் மண்ணின் கண்டுபிடிப்பே. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்திலிருந்து வரும் தீப்பெட்டியின் மேல் புலியோ கிளியோ கப்பலோ நிற்கிறது. 2021 டிசம்பரில் அதன் விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டானது. அதில் இருப்பதுதான் ஒரு குழந்தை சொந்தமாகச் சேர்த்து வைக்கக்கூடிய மிக மலிவான அச்சுப் படம். சாமி படங்களின் கதை இன்னும் ஆழமானது. கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976) சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று, நாடகத் திரை தீட்டி, பின்னர் காலண்டர் ஓவியத்துக்கு வந்தவர். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியே தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தன. கடைக்காரர் தைமாதம் கொடுத்த அதே லட்சுமி பத்து வீட்டில் தொங்கலாம். ஒரு வீட்டில் கண்ணாடியின் மேல் சந்தனம் அப்பிக் குங்குமம் இழைந்திருக்கும். இன்னொன்றில் கற்பூரப் புகை படிந்து முகம் பழுத்திருக்கும். வேறொன்றில் காய்ந்த பூச்சரம் பாதியை மறைத்திருக்கும். அச்சு ஒன்றாக்கியதை வழிபாடு வேறுவேறாக்கிவிட்டது. பரோடாவில் கணக்கராக வேலை பார்த்துக்கொண்டே ஓவியம் செய்த பூபேன் கக்கர் 1960களில் இத்தகைய அச்சுத் தெய்வங்களை வெட்டி ஒட்டித்தான் இந்தியப் பாப் கலைக்கு வழி திறந்தார். ஒன்றுபோலத் தோன்றுபவற்றில் வேறுபாட்டைக் காணும் இந்தப் பார்வை பெருநகர் ஊர்க் குழந்தைக்குப் புதிதே இல்லை. பிரம்மபுரீஸ்வரர் கோயில் தைப்பூசத்தில் சுற்றுவட்டார ஊர்ச் சாமிகளெல்லாம் செய்யாற்றில் வந்து கூடும்போது, அத்தனை பல்லக்குக்கும் நடுவே தன் ஊர்ச் சாமியை அலங்காரத்தை வைத்தே அது காட்டிவிடும்.

இதற்கு வலுவான எதிர்வாதம் குழந்தை ஓவிய இயக்கத்திடமிருந்தே வருகிறது. 1897இல் வியன்னாவில் குழந்தைகளுக்கென ஓவிய வகுப்பு தொடங்கிய பிரான்ஸ் சிசெக்கும், 1947இல் முக்கியமான நூல் எழுதிய விக்டர் லோவன்ஃபெல்டும் பெரியவர்களின் படங்களைக் குழந்தைமேல் திணிக்கக் கூடாது, உள்ளிருந்து தானாக மலரவேண்டும் என்றார்கள். சேவாகிராமத்தில் ஆதாரக் கல்விக்குள் ஓவியம் கற்பித்த தேவி பிரசாத்தும் குழந்தையின் சொந்த வெளிப்பாட்டுக்கே முதலிடம் தந்தார். நான்கு கட்டத் தாளை மறுக்க இவர்களை விடச் சிறந்த துணை கிடையாது. ஆனால் வெளிப் படம் எதுவும் தொடாத ஒரு குழந்தை மனம் உண்டு என்ற அவர்களுடைய அடிப்படை நிற்கவில்லை. பிரென்ட் வில்சனும் மார்ஜரி வில்சனும் 1970களில் செய்த ஆய்வு, குழந்தைகள் தாம் வரையும் உருவங்களைச் சுற்றியுள்ள படங்களிலிருந்து, படக்கதையிலிருந்து, தம்மைவிடப் பெரிய பிள்ளைகளிடமிருந்து எடுத்தே வரைகிறார்கள் என்று காட்டியது. எழுத்துத் தெரியுமுன் பிஸ்கட் பாக்கெட்டை அடையாளம் காணும் வயது இது. படம் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. அதைப் பற்றிப் பேச வகுப்பில் இடம் உண்டா என்பதே மீதமிருக்கும் கேள்வி. விளம்பரத்தை வகுப்பறைக்குள் கொண்டுவரலாமா என்று தயங்குகிறவர்களுக்கும் இதுவே பதில். பாக்கெட்டைத் தின்பண்டமாக மட்டும் அறிந்த குழந்தை, எந்த எழுத்து பெரிதாக இருக்கிறது, ஏன் சிவப்பு, படத்தில் உள்ள அளவு முந்திரி உள்ளே இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிட்டால், அதன்பின் அந்தப் பாக்கெட்டைப் பழைய மாதிரி பார்க்காது.

இன்னொரு தடை இந்த மாவட்டத்துக்கே உரியது. அதை எளிதில் தாண்டிப்போக எனக்கு மனமில்லை. திரும்பத் திரும்பச் செய்வதைக் கலை என்று கொண்டாடுகிறோமே, இதே செயலில்தான் காஞ்சிபுரம் தறிகளில் குழந்தைகளின் கை தேய்ந்தது. உடலும் கரையும் வேறு நிறமாக வரும் கோர்வைப் புடவைக்குத் தறியருகே இரண்டாவது ஆள் வேண்டும். அந்த இடத்தில் நெடுங்காலம் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். முன்பணக் கடனுக்காகப் பட்டுத் தறிகளில் கட்டுண்ட குழந்தைகளைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. தீப்பெட்டித் தொழிலின் வரலாறும் இதிலிருந்து அதிகம் வேறுபட்டதில்லை. எனவே வகுப்பில் அச்சுக் குத்தும் குழந்தைக்கும் தறியில் நாடா தள்ளிய குழந்தைக்கும் என்ன வேறுபாடு என்று கேட்பவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வேறுபாடு செயலில் இல்லை, அதிகாரத்தில் இருக்கிறது. எப்போது நிறம் மாற்றுவது, எங்கே வரிசையை முறிப்பது, எப்போது நிறுத்துவது என்பதைத் தறியில் குழந்தை தீர்மானிக்கவில்லை. வகுப்பிலும் அதை ஆசிரியரே தீர்மானித்தால், அதாவது இருபது பூவும் நேராக வரவேண்டும், நிறம் இன்னது என்று சொல்லிவிட்டால், தறிக்கும் வகுப்புக்கும் இடையில் நாம் காட்டிய வேறுபாடு அழிந்துபோகும். வரிசையை முறிக்கும் உரிமை குழந்தையிடம் இருப்பது இந்தப் பாடத்தின் அலங்காரமில்லை, அதன் நிபந்தனை.

உள்ளூர்த்தன்மை என்ற பெயரில் நேரும் ஒரு தவற்றையும் இங்கே சுட்டவேண்டும். பாப் ஓவியர் ராய் லிச்சென்ஸ்டைனின் படங்களில் புள்ளி இருக்கிறது, நம் கோலத்திலும் புள்ளி இருக்கிறது, ஆகவே இரண்டும் ஒன்று என்று பாடம் அமைப்பது எளிது, ஆனால் பொய். அவருடைய புள்ளி மலிவு அச்சில் நிழல் காட்டும் உத்தி. கோலத்தின் புள்ளி இழை எங்கே வளையவேண்டும் என்று காட்டும் சட்டகம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய சகாக்களும் 1970களில் கோலத்தைக் கணிதவழி இலக்கணமாக எழுத முடிந்ததே அந்தச் சட்டகத்தின் கட்டுக்கோப்பால்தான். கோலத்துக்கு அமெரிக்க ஓவியரின் சிபாரிசு வேண்டாம். தோற்ற ஒற்றுமையை வைத்துப் பாடம் கட்டினால் நான்கு கட்டத் தாளில் செய்த அதே பிழையைத் தமிழில் செய்தவர்களாவோம்.

கடைசியாக, இதையெல்லாம் யார் செய்வது? 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் பத்தாம் வகுப்பு வரை கலைக் கல்வி கட்டாயம் என்றது. ஆனால் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பகுதிநேரக் கலை ஆசிரியரை ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு, அதுவும் மாணவர் எண்ணிக்கை 100க்கு மேல் இருந்தால்தான் தருகிறது. 2012இல் தமிழக அரசு மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் பணியமர்த்திய பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் இந்த ஏற்பாட்டின்படி வந்தவர்கள்தாம். ஒன்று முதல் ஐந்து வரை ஓவியத்துக்கென்று ஒருவரும் இல்லை. கை மிகவும் துணிந்திருக்கும் வயதில் துணைக்கு ஆள் இல்லை. இது திருத்தப்படவேண்டிய குறை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் இங்கே முன்வைக்கும் பாடம் ஆசிரியருக்கு வரையத் தெரிந்திருக்கவேண்டும் என்று கேட்பதில்லை. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தின் படைப்புக் களத்துக்கு ஒதுக்கிய நேரத்துக்குள் ஒரு வெண்டைக்காய் அச்சு முடிந்துவிடும். தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் முறை நடந்த காலத்தில் குழந்தையின் உயரத்துக்கு அடித்த கரும்பலகைகள் எங்கே இன்னும் இருக்கின்றனவோ அங்கே தாள்கூட வேண்டாம். ஆசிரியர் செய்யவேண்டியது, முடிந்தபின் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த எட்டில் எது உனக்குப் பிடித்தது, ஏன் என்று கேட்பது. சொன்னதைச் சொன்னபடியே அந்த அச்சுக்குக் கீழே எழுதித் தருவது. மதிப்பெண்ணுக்கு உரியது அந்த ஒரு வரி. பெரும்பாலும் குழந்தை காட்டுவது நேர்த்தியான மூன்றாவது அச்சாக இருக்கும். எட்டாவதில் நின்ற பாதிப் பூவின்மேல் விரல் வைக்கிற குழந்தையிடம் ஆசிரியர் இன்னும் சற்று நேரம் உட்காரலாம்.