கைபேசிக்குள் வந்த ஹயர்: பிக்மீயும் எங்கள் ஓட்டோத் தரிப்பிடமும்

போன மழைக்காலத்தில் ஒருநாள் இரவு இரண்டு மணியிருக்கும். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு மூச்சு முட்டத் தொடங்கிவிட்டது. குருநகரிலிருந்து பெரியாஸ்பத்திரி ஒன்றும் தூரமில்லை, ஆனால் அந்த நேரத்தில் நடக்க முடியாத ஒருவரை எப்படிக் கொண்டுபோவது? ஆச்சியின் மகள் கைபேசியில் எந்தச் செயலியையும் திறக்கவில்லை. தரிப்பிடத்தில் ஓடும் ஓட்டோ அண்ணைக்கு அழைப்பெடுத்தார். சாரத்தோடும் போர்த்திய துவாயோடும் பத்து நிமிடத்துக்குள் அவர் வந்து நின்றார். காசைப் பற்றி அடுத்த நாள்தான் பேசினார்கள்.

அதே அண்ணைதான் சில வாரங்களுக்குப் பிறகு என்னிடம் கேட்டார்: “பிள்ளை, இந்தப் பிக்மீ எண்டுறது என்ன மாதிரி வேலை செய்யுது? பகல் ஹயர் பாதி அதுக்குள்ள போகுது.” அவருக்குச் சொல்வதற்காக நான் தேடியும் கேட்டும் அறிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிக்மீ 2015 இல் கொழும்பில் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கிய ஜிப்ரி சுல்பர் அதற்கு முன் இணையவழி விற்பனைத் தளம் ஒன்றை நடத்தியவர். நிறுவனத்தின் பதிவுப் பெயர் டிஜிட்டல் மொபிலிட்டி சொலூஷன்ஸ் லங்கா. அதே ஆண்டின் கடைசியில் அமெரிக்க நிறுவனமான ஊபரும் கொழும்புக்கு வந்தது. இரண்டும் முதலில் காருக்கே ஆள் பிடித்தன. ஆனால் இலங்கையின் தெருவை ஆள்வது முச்சக்கர வண்டி. அதைச் செயலிக்குள் கொண்டுவந்த பிறகுதான் பிக்மீ சாதாரண சனத்தின் வாயில் புழங்கும் பெயரானது. உணவு விநியோகம், பொதி அனுப்புதல் எல்லாம் பின்னால் சேர்ந்தன. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனம் இதில் முதலிட்டது. 2024 இல் நிறுவனம் கொழும்பு பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. உள்ளூர்க்காரர் ஒருவர் தொடங்கிய தொழில்நுட்ப நிறுவனம் என்பதால் கொழும்பு ஊடகங்களில் அதற்கு நல்ல பெயர் உண்டு.

இத்தனை வண்டிகளை ஓட்டும் இந்த நிறுவனங்கள் அந்த வண்டிகளுக்குச் சொந்தக்காரர் அல்ல. வண்டி சாரதியுடையது, அல்லது அவருக்கு லீசிங் கொடுத்த நிதி நிறுவனத்துடையது. பெற்றோல், ரயர், திருத்தவேலை, காப்புறுதி எல்லாம் சாரதியின் தலையில். நிறுவனத்திடம் இருப்பது மென்பொருளும் வரைபடமும் மட்டுமே. நீங்கள் போகுமிடத்தைக் குறித்தவுடன் அது தூரத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் கட்டணத்தைக் காட்டும். பிறகு கிட்ட நிற்கும் சாரதியின் கைபேசியில் மணியடிக்கும். அவர் சில விநாடிகளுக்குள் ஏற்க வேண்டும், இல்லையேல் அடுத்தவருக்குப் போய்விடும். பயணி கையில் காசு கொடுத்தால் முழுவதும் சாரதியிடம்தான் சேரும், ஆனால் அதில் நிறுவனத்துக்குரிய தரகு அவர் கணக்கில் கடனாக ஏறும். மழை பெய்யும்போதும் ஆட்கள் ஒரேயடியாகத் தேடும்போதும் கட்டணம் கூடும். பயணம் முடிந்ததும் நீங்கள் போடும் நட்சத்திரம் அவர் கணக்கில் ஏறும்.

அந்த நட்சத்திரம்தான் எங்கள் தரிப்பிடத்து அண்ணையை அதிகம் யோசிக்க வைத்தது. “இவ்வளவு காலமும் சனம் என்ரை முகத்தைப் பார்த்துத்தானே ஏறினது” என்றார்.

யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் புதிய விடயமல்ல. எங்கள் அப்பாக்கள் காலத்தில் ஏ-40, சோமசெற், மொறிஸ் மைனர் என்று ஒஸ்ரின், மொறிஸ் கார்கள்தான் ஹயருக்கு ஓடின. கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் அதே கார்தான். 1990 இல் போர் மீண்டும் தொடங்கி, எரிபொருள் பொருளாதாரத் தடைப் பட்டியலுக்குள் போனபோது அந்தப் பழைய கார்களே எங்களைக் காப்பாற்றின. சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய அந்த வித்தையைத் தெரிந்த மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். பின்னால் வரும் புகையைப் பார்த்தே யாருடைய கார் என்று சொல்லலாமாம். காருக்கும் வழியில்லாதவர்கள் சைக்கிள் கரியரில் நோயாளியை இருத்திக் கட்டிக்கொண்டு போனார்கள். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பக்கம் நடந்தபோது, வாகனம் வைத்திருந்தவர் எத்தனை பேரை ஏற்றினார், எத்தனை பேரை விட்டுவிட்டுப் போனார் என்பது இன்றும் சில குடும்பங்களுக்கிடையில் பேசப்படாமல் கிடக்கிற விடயம்.

ஆகவே இங்கே வாகனக்காரர் என்பவர் வெறும் சாரதி அல்ல. செயலிக்கு இந்தக் கணக்குத் தெரியாது. அதைக் குற்றமென்று சொல்லமாட்டேன், அதற்கு அது தெரிய வேண்டிய தேவையுமில்லை.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். செயலிவழி ஓடும் ஒரு தம்பியோடு பேசினேன். வன்னியிலிருந்து வந்தவர், முள்ளிவாய்க்காலில் தகப்பனை இழந்தபோது பள்ளிக்கூடப் பொடியன். லீசிங்கில் முச்சக்கர வண்டி எடுத்துக்கொண்டு நகருக்கு வந்தபோது எந்தத் தரிப்பிடத்திலும் அவருக்கு இடமில்லை. தரிப்பிடத்தில் நிற்க ஊர்க்காரராக இருக்க வேண்டும், சங்கத்தில் யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். “செயலி என்னட்டை எந்த ஊர் எண்டு கேக்கேல்லை அக்கா. லைசன்ஸ், இன்சூரன்ஸ் மட்டும்தான் கேட்டது” என்றார். பிக்மீ யாழ்ப்பாணத்துக்கு வந்த பிறகு தரிப்பிடச் சாரதிகளுக்கும் செயலியில் ஓடுபவர்களுக்கும் தகராறு வந்து அது செய்தியாகவும் ஆனது. அந்தச் செய்திகளைப் படித்தபோது தரிப்பிடத்தின் பக்கமே என் மனம் நின்றது. இந்தத் தம்பியைக் கண்டபிறகு அப்படி இலேசாக நிற்க முடியவில்லை.

பயணிகளுக்குள்ளும் இரண்டு எண்ணம் உண்டு. கட்டணம் முன்கூட்டியே தெரிவது பெரிய நிம்மதி. றெயில் நிலையத்தில் இறங்கும்போது பேரம் பேசிக் களைத்துப்போகாத ஆள் யார்? மீற்றர் பொருத்த வேண்டும் என்ற பேச்சு எழும், பிறகு அடங்கும். தனியாகப் போகும் பெண்ணாக, வண்டி எங்கே போகிறது என்பதை வீட்டுக்குப் பகிர முடிவது எனக்குப் பிடித்த வசதி. செயற்கைக் கால் பொருத்தியிருக்கும் உறவினர் ஒருவருக்கோ வண்டி படலைக்கே வந்து நிற்பதுதான் முக்கியம். முச்சந்தி வரை நடப்பதே அவருக்கு ஒரு பயணம்.

ஆனால் என் அம்மா இன்றுவரை செயலியில் வீட்டு முகவரியைக் குறிக்க விடமாட்டார். சந்தியைத்தான் குறிக்கச் சொல்வார். “எங்க இருந்து வாறாய், எங்க போறாய்” என்ற கேள்விக்கு வருடக்கணக்காகக் காவலரணில் பதில் சொல்லிப் பழகிய தலைமுறை அது. அந்தப் பதில் எங்கோ சேமித்து வைக்கப்படும் என்றால் அவர்களுக்கு உடம்பு கூசும். இளையவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பயணத் தரவு எவ்வளவு காலம் வைத்திருக்கப்படும், யார் கேட்டால் கொடுக்கப்படும் என்று பயணிகள் கேட்டுத் தெரிந்துகொள்வது நியாயமானதுதான். 2022 இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது.

அதே 2022 தான் இரு தரப்புச் சாரதிகளையும் ஒரே வரிசையில் நிறுத்திய ஆண்டு. எரிபொருள் நிலையங்களில் நாட்கணக்கில் காத்திருந்தார்கள். கியூஆர் முறை வந்தபோது முச்சக்கர வண்டிக்குத் தொடக்கத்தில் வாரம் 5 லீற்றர். ஹயர் ஓடுபவருக்கு அது எத்தனை நாளைக்குக் காணும்? தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியவர்கள் இதைப் பார்த்து, அப்போது எங்களுக்கு மட்டும், இப்போது முழு நாட்டுக்கும் என்றார்கள். வாகன இறக்குமதி 2020 இலிருந்து நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய வண்டிகளின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. லீசிங் தவணை மட்டும் தவறாமல் வந்தது.

சாரதி நிறுவனத்தின் ஊழியரா, இல்லையா என்பது உலகம் முழுக்க இழுபடும் வழக்கு. லண்டனில் ஊபர் ஓட்டும் எங்கள் உறவுகளுக்கு 2021 பெப்ரவரி 19 ஆம் திகதி முக்கியமானது. சாரதிகள் தொழிலாளர்களே, செயலிக்குள் நுழைந்து வேலைக்குத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரமே என்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அன்று தீர்ப்பளித்தது. அதனால் குறைந்தபட்சச் சம்பளமும் சம்பளத்தோடு விடுமுறையும் அவர்களுக்கு உரித்தாயின. இங்கே செயலிச் சாரதி சுயதொழில்காரர். ஊழியர் சேமலாப நிதி என்ற பேச்சே இல்லை. தரிப்பிடத்து அண்ணைக்கும் அது இல்லைத்தான். ஆனால் அவர் யாருக்கும் தரகு கொடுப்பதில்லை.

இடையில் இன்னொரு வழியும் இருக்கிறது. பெங்களூரில் 2022 நவம்பரில் வந்த நம்ம யாத்ரி என்ற செயலியை ஓட்டோச் சாரதிகளின் சங்கமும் ஆதரித்தது. அது பயணத்துக்குப் பயணம் தரகு எடுப்பதில்லை. பின்னர் நாளொன்றுக்கு 25 இந்திய ரூபாய் என்ற அளவில் சந்தா வாங்கத் தொடங்கியது. தரிப்பிடச் சங்கங்கள் செயலிக்காரரை மறிப்பதில் செலவழிக்கும் பலத்தை இப்படி ஒன்றுக்குச் செலவழித்தால் என்ன என்று அண்ணையிடம் கேட்டேன். “எங்கட சங்கக் கூட்டத்துக்கு வந்து பாரும், பிறகு கேளும்” என்று சிரித்தார்.

போன கிழமை அவர் கைபேசியோடு வீட்டுக்கு வந்தார். பதிவு செய்து தரச் சொன்னார். சாரதி அனுமதிப்பத்திரம், வாகன வரிப்பத்திரம், காப்புறுதி எல்லாவற்றையும் முற்றத்து வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்தோம். வரிப்பத்திரத்தின் படம் மங்கலாக வந்து மூன்று தரம் எடுக்க வேண்டியிருந்தது. பகலில் மட்டும் செயலியைத் திறந்து வைப்பாராம், இரவில் மூடிவிடுவாராம்.

“அப்ப இரவில?” என்றேன்.

“இரவில ஆச்சி வீட்டுக்காரருக்கு என்ரை நம்பர் தெரியுந்தானே.”